தேன்மலரின் அந்தியேட்டி

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது ஐயா. ஆனா கதை கேக்கிறதெண்டா சோறு தண்ணி வேண்டாம். நீர்வேலியிலை ஆரையும் விசாரிச்சுப் பாருங்கோ, ஆழ்வாப்பிள்ளை எண்டா என்ரை வாழைத்தோட்டத்தைப் பற்றிச் சொல்லுவினம், பிறகு என்ரை கதை விசரைச் சொல்லிச் சிரிப்பினம். சிரிக்கட்டும். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டிலை பின்னேரத்திலை ஒரு குரல் கேக்க வேணும்தானே.

என்ரை மனிசி குணலட்சுமி எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ. இந்தியாவிலையிருந்து கிழமைக்கு ஒருக்கா வாற புத்தகத்திலை தொடர்கதை இருக்கும். வெள்ளிக்கிழமை நான் தோட்டத்தாலை வந்து கால் கழுவினவுடனை வாசிக்கத் தொடங்குவா. தேன்மலரும் இளவழகனும் அப்பிடித்தான் எங்கடை வீட்டுக்கு வந்தவை. தேன்மலர் தாய் தேப்பன் இல்லாத பெட்டை, பத்தொன்பது வயசு. இளவழகன் பெரிய இடத்துப் பொடியன். ரெண்டு பேரும் உயிருக்குயிராய் விரும்பினவை. அவளை நான் என்ரை வயித்துப் பிள்ளையாய்த்தான் நினைச்சனான். அவளுக்குக் காய்ச்சல் வந்த கிழமை சந்நிதி முருகன் கோயிலிலை அவள் பேரிலை அருச்சனை செய்விச்சனான்.

நான் கோபக்காரன் இல்லை. அநியாயம் மட்டும் பொறுக்கமாட்டன். இளவழகன்ரை தாய் தேன்மலருக்குக் கன்னத்திலை அடிச்ச கிழமை குணலட்சுமியின்ரை முன்பல்லு ஒண்டு போச்சுது. வாசிச்சது அவவின்ரை வாய்தானே ஐயா. இளவழகன் வேறை பெட்டைக்குத் தாலி கட்டச் சம்மதிச்ச அண்டைக்கு விறகுக்கட்டை அவவின்ரை முழங்கையிலை பட்டது. அந்தக் கை பிறகு நேராய் நீளேல்லை. எண்டாலும் அடுத்த வெள்ளிக்கிழமை மற்றக் கையாலை புத்தகத்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்து வாசிச்சவ. அவவுக்கும் கதையிலை அவ்வளவு விருப்பம்.

பிறகு இந்தியப் புத்தகங்கள் வரக்கூடாதெண்டு கொழும்பிலை தடை போட்டிட்டினம். தேன்மலர் கொட்டுற மழையிலை வீட்டைவிட்டு இறங்கிப் போறதோடை கதை நிண்டுபோச்சுது. பிள்ளை எங்கை போனாளோ, என்ன பாடோ எண்டு எனக்கு நித்திரை இல்லை. மயிலிட்டியிலை தோணி விடுற தியாகராசாவைப் பிடிச்சன். இந்தியக் கரையிலையிருந்து கள்ளமாய்ச் சீலை ஏத்திவாற நேரம் இந்தப் புத்தகங்களையும் கொண்டு வா எண்டன். ஏழு மாதம் கழிச்சு, ஆடியிலை, மிச்சம் முழுக்கச் சாக்கிலை கட்டிக் கொண்டுவந்து தந்தான். குணலட்சுமி ஒரே இருப்பிலை வாசிச்சு முடிச்சா. ரெண்டு பேருக்கும் கலியாணம். நான் சந்தோசத்திலை அழுதுபோட்டன். பாயாசம் காய்ச்சிக் குடிச்சனாங்கள். திருவிழாவுக்கு நல்லூருக்குப் போய்க் கோயில் வீதியிலை உருண்டு பிரதட்டையும் அடிச்சனான்.

போன கிழமை சந்தையடித் தேத்தண்ணிக் கடையிலை கனகரத்தினம் கேக்கிறான், "என்ன அண்ணை, உந்தத் தொடர்கதைப் பெட்டை கடைசியிலை கிணத்துக்கை விழுந்து செத்துப்போனாளாமே? என்ரை மனிசி ஆரிட்டையோ இரவல் வாங்கி வாசிச்சுப்போட்டு ரெண்டு நாளாய்ச் சாப்பிடேல்லை."

தேத்தண்ணியை அப்பிடியே வைச்சிட்டு எழும்பினன். பிள்ளை செத்திருக்குது. முப்பத்தொரு நாள் சாவுத் துடக்குக் காக்க வேண்டியவன் பாயாசம் குடிச்சிருக்கிறன். துடக்கோடை கோயில் வீதியிலை உருண்டிருக்கிறன். பிள்ளைக்கு ஒரு சொட்டு எள்ளுத்தண்ணி இறைக்க ஆளில்லை. எல்லாம் குணலட்சுமி சாவை மறைச்சதாலை வந்த வினை.

அண்டைக்கு மத்தியானமே வீட்டை வந்தன். வாழைக்குலை வெட்டுற கத்தி கையிலை இருந்தது. கடைசிப் புத்தகத்தை எடுத்து வாசியெண்டன். கலியாணமெண்டுதான் வாசிச்சா. திரும்ப வாசியெண்டன். குரல் நடுங்கிச்சுது. "இஞ்சருங்கோ, சத்தியமாய் அவள் சாகேல்லை. எழுத்திலை கிடக்குது, பாருங்கோ" எண்டு தாளை என்ரை முகத்துக்கு நேரை பிடிச்சா. எழுத்துத் தெரியாதவனுக்கு எழுத்தைக் காட்டுறது என்ன நியாயம்? உண்மை சொல்லுறவைக்குக் குரல் நடுங்குமோ? முதல் வெட்டுப் புத்தகம் பிடிச்ச கையிலை விழுந்தது. ரெண்டாவது கழுத்திலை. மூண்டாவது தேவையில்லை, எண்டாலும் போட்டன். விழுந்து கிடக்கேக்கையும் அவவின்ரை உதடு வாசிக்கிற மாதிரித்தான் அசைஞ்சுகொண்டு கிடந்தது.

கத்தியைக் கழுவி வைச்சிட்டுக் கீரிமலைக்கு பஸ் ஏறினன். அடுத்த நாள் விடிய தலை மழிச்சு, கேணியிலை முழுகி, செத்தவைக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யிற குருக்களிட்டைப் போனன். ஆருக்கெண்டு கேட்டார். மகளுக்கு எண்டன். பேர் தேன்மலர் எண்டன். கடலிலை பிண்டம் கரைச்சுக்கொண்டு நிக்கேக்கைதான் உங்கடை பொலிஸ் ஆக்கள் வந்தவை. கரைச்சு முடிக்கும்வரை கரையிலை பாத்துக்கொண்டு நிண்டவை, நல்ல மனிசர்.

இப்ப நீங்கள் ரத்தத்திலை ஒட்டிப்போன தாளைப் பிரிச்சு எனக்கு வாசிச்சுக் காட்டினியள். கிணத்துக்கை விழுந்தது அதே புத்தகத்திலை வந்த வேறை கதையின்ரை பெட்டையாம். கனகரத்தினம் மாறிச் சொல்லிப்போட்டான். என்ரை பிள்ளை கழுத்திலை தாலியோடை நல்லாய் இருக்கிறாள். ஐயா, அந்த இடத்தை எனக்கு இன்னொருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ. உயிரோடை இருக்கிறவளுக்குப் பிண்டம் கரைச்சுப்போட்டனே, அதை நினைச்சாத்தான் நெஞ்சு வேகுது. அதுக்கு ஏதும் பரிகாரம் இருக்குதோ எண்டு அந்தக் குருக்களிட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ.

குணலட்சுமியைப் பற்றிக் கேக்கிறியள். ஓம், நான்தான் வெட்டினனான், எழுதிக்கொள்ளுங்கோ. ஆனா அவவிலையும் பிழை இருக்குது. உண்மையைத்தான் வாசிச்சவவெண்டா தெம்பாய் வாசிச்சிருக்கலாம்தானே? இருபத்திரண்டு வருசம் என்னோடை குடும்பம் நடத்தினவ. என்னட்டை அவவுக்கு என்ன பயம்?