மூன்றாம் நிலை ஆட்டக்காரன்

எனக்கு வியர்வை சற்று அதிகம். ஆகையால் ஞாயிறுதோறும் நடனக்கூடத்துக்குச் செல்லும்போது, இஸ்திரி போட்ட மூன்று சட்டைகளை ஒரு பையில் எடுத்துச் செல்வது என் வழக்கம். ஈரச் சட்டையுடன் ஒருவரை ஆட அழைப்பது மரியாதையன்று. தாங்கள் கேட்ட கேள்விக்கு இது நேரான பதில் இல்லை என்பதை அறிவேன்; பொறுத்தருள வேண்டும். நான் அலட்சியமான மனிதன் அல்லன் என்பது தங்கள் குறிப்பில் எங்காவது ஓர் ஓரத்தில் இடம்பெற்றால் போதும்.

கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகத்தில் இருபத்தோர் ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். நான் படியேறினால் கடைக்காரர்களின் பேச்சு நின்றுவிடும். யாரும் கைகுலுக்கியதில்லை, அவர்கள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. வீட்டில் நான் ஒருவன்தான். திங்கள் முதல் சனி வரை என் கை தொட்டவை பித்தளை எடைக்கற்கள், பேருந்துக் கம்பி, வீட்டுப் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் அந்தக் கையைப் பிடிப்பார்கள். நடனத்துக்குப் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

"இந்த வயசுல டான்ஸாண்ணா? முட்டி என்னத்துக்கு ஆகும்?" என்று என் தங்கை தொலைபேசியில் சிரித்தாள். அதன்பின் அவள் அழைப்பதும் குறைந்துவிட்டது.

கூடம் ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் இருந்தது. சல்சா, பச்சாட்டா என்னும் ஜோடி நடனங்கள் ஆடுவோம். மேடை இல்லை, பரிசு இல்லை. யாரும் யாரையும் அழைக்கலாம். ஒரு பாட்டு ஆடி, நன்றி சொல்லிப் பிரிந்துவிடலாம். ஆண் கையால் குறிப்புக் காட்டுவார். பெண் அதை நம்பி, பெரும்பாலும் பின்னோக்கி, அடிவைப்பார். வகுப்பில் மூன்று நிலைகள் உண்டு. தேர்வு ஏதும் கிடையாது. நடன மாஸ்டர் பார்த்துச் சொல்வதுதான். ஐந்து ஆண்டுகளாக என்னை இரண்டாம் நிலையிலேயே வைத்திருந்தார். என் குறிப்பேட்டிலோ தொண்ணூற்று நான்கு வகைத் திருப்பங்கள் இருந்தன.

அளவுகோல் எது என்று ஒருநாள் அவரிடம் பணிவாகக் கேட்டேன்.

"ஒண்ணாம் நிலைக்காரன் காலடியை எண்ணுவான் சார். ரெண்டாம் நிலைக்காரன் தனக்கு எத்தனை தெரியும்னு எண்ணுவான். மூணாவது ஆள் எதையும் எண்ண மாட்டான். அவன்கூட ஆடுறவங்க கண்ணை மூடிக்குவாங்க. அவ்வளவுதான்."

கூடத்தில் பஸ் ஓட்டுநர் ஒருவர் ஆடுவார். பஸ்காரர் என்றே எல்லோரும் அழைப்பார்கள். அவருக்குத் தெரிந்தவை நான்கு திருப்பங்கள். அவற்றிலும் ஒன்றைப் பாதியில் மறந்துவிடுவார். ஆயினும் அவருடன் ஆடும் பெண்கள் கண்ணை மூடிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்து அவர், "தராசு சார் ஆடுறது, பீரோவை மாடிக்கு ஏத்துற மாதிரியே இருக்கு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

மறைந்த அந்த அம்மையாரும் அங்கே ஆட வருபவர்தான்; மருந்துக்கடை வைத்திருந்தார். நான் அழைக்கத் தயங்கி உட்கார்ந்திருந்தால் அவரே வந்து கையை நீட்டுவார். "வாங்க தராசு சார், உக்காந்தே இருந்தா நாற்காலிக்கு வாடகை கேப்பாங்க." ஒரு ஞாயிறுகூட அவர் தவறவிட்டதில்லை. ஆனால் பஸ்காரருடன் மூடிய கண்கள் என்னுடன் மட்டும் திறந்தே இருந்தன. ஒருமுறை காரணம் கேட்டேன்.

"நீங்க மனசுக்குள்ள எண்ணுறது எனக்குக் கேக்குது சார். அது நின்னா தானா மூடிக்கும்."

அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது என்னுடன் வீடுவரை வந்தது.

அந்த ஞாயிறு புழுக்கம் தாங்கவில்லை. எப்போதும் பூட்டியிருக்கும் பின்கதவைத் திறந்துவைத்திருந்தார்கள். அதற்கு வெளியே சாமான் ஏற்றுவதற்கான சிறு மேடையும், கீழே இறங்கும் செங்குத்தான இரும்புப் படிகளும் இருந்தன. பத்தொன்பது படிகள், வந்தவுடன் எண்ணிவைத்தேன். ஒரு பச்சாட்டா பாட்டு ஒலித்தது; அம்மையாரும் நானும் ஆடினோம். மூன்று அடி, நான்காவதில் ஒரு தட்டு, மிக எளிது. பாதிப் பாட்டில் அம்மையாரின் தலை என் தோளருகே சாய்ந்தது. பார்த்தேன். கண்கள் மூடியிருந்தன.

சுமார் ஒரு சரணம் வரை நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு தொழில்புத்தி வந்துவிட்டது. வெறும் தட்டில் முள் நேராக நிற்பதை வைத்து எந்தத் தராசுக்கும் நான் முத்திரை இட்டதில்லை. முழுப் பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். கூடத்தின் நடுவில் கண்ணை மூட யாருக்கும் துணிவு தேவையில்லை. அங்கே இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

எனவே அவரைக் கதவை நோக்கி நடத்தினேன். அவசரப்படவில்லை. தாளம் ஓரிடத்திலும் பிசகவில்லை. கதவின் நிலைப்படி வந்தபோது என் கையைச் சற்றே உயர்த்தினேன்; அவர் கேள்வியின்றிக் காலைத் தூக்கி அதைக் கடந்தார். அப்படி ஒரு குறிப்பை எந்த வகுப்பிலும் கற்றுத்தருவதில்லை. மேடையில் இரண்டு அடிகள் வைத்தோம். மூன்றாவது அடிக்கு இடம் இல்லை. மூன்றாவதற்கும் குறிப்புக் கொடுத்தேன். அவர் வைத்தார். நான் கையை விட்டேன்.

வியர்வையில் கை வழுக்கியது என்று சொல்லும்படி வழக்கறிஞர் அறிவுறுத்துகிறார். அவருடைய அக்கறைக்கு நன்றி. ஆனால் என் கை காய்ந்திருந்தது.

அம்மையாரின் மகனுக்குக் காய்ச்சல் என்றும், இரண்டு இரவுகள் அவர் மருத்துவமனையில் கண்விழித்திருந்தார் என்றும், களைப்பில்தான் கண் மூடியிருப்பார் என்றும் தாங்கள் சொல்கிறீர்கள். மரியாதையுடன் மறுக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் நிலைப்படியில் காலைத் தூக்கமாட்டார்.

நான் அவரைக் கொன்றேன். வேண்டுமென்றே செய்தேன். இதில் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. என் ஒரே விண்ணப்பம் பஸ்காரரின் சாட்சியத்தைப் பற்றியது. கடைசி அடியின்போது அம்மையார் கண்ணைத் திறந்து, "சார், பின்னாடி படி இருக்கு" என்று என்னிடம் சொன்னதாக அதில் எழுதியிருக்கிறீர்கள். பஸ்காரர் என் முதுகு மறைக்கும்படி பின்னால் நின்றிருந்தார். அந்த முகத்தை அப்போது பார்த்தவன் நான் ஒருவன் மட்டுமே. அந்த வரியை அன்புகூர்ந்து நீக்கிவிடுங்கள். மற்ற எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்திடுகிறேன்.