ஒரே வீட்டில் இரண்டு ஷிப்டு

தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்க எனக்குத் தலை கனக்கும். அதனால் இரவு சாப்பிட்டதும் செல்போனை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். விசாரணையை நீங்கள் காலையில் வைத்ததற்கு நன்றி.

ஒரு கணவன் மனைவி இருவரையும் பகல் ஷிப்டில் போட்டு, இரவு வாடிக்கையாளர்களைக் காக்க வைத்தது ஏன் என்று தலைமை அலுவலகம் கேட்கிறது. நியாயமான கேள்விதான். முதலிலிருந்து சொல்கிறேன்.

வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் உதவியாளர்களுக்கு நேரம் ஒதுக்குவது என் பொறுப்பு. நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குப் பொழுது விடியும்போது மீதிப் பேருக்குப் பொழுது சாயும். யாருடைய மின்னஞ்சலும் பதிலில்லாமல் கிடக்கக் கூடாது. அந்தத் தம்பதி சேர்ந்த புதிதில் இருவருக்கும் பகல்தான். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். வீடியோ கூட்டத்தில் கணவர் பேசும்போது பின்னால் அந்தம்மா சிரிப்பது கேட்கும். சிரிப்பு உடம்புக்கு நல்லது. ஆனால் சிரிக்கிற நேரத்தில் வேலை ஓடாது.

அதனால் அவரை இரவுக்கு மாற்றினேன். இனி இருவருக்கும் ஒரே கணினி, ஒரே நாற்காலி போதும். அவர் எழுந்ததும் அந்தம்மா உட்கார்ந்துவிட வேண்டும். நாற்காலியின் சூடு ஆறாது. அந்த ஆண்டு எனக்குக் கேடயம்கூடக் கொடுத்தீர்கள்.

சில மாதம் கழித்து அந்தம்மா போன் செய்தார்.

"சார், அவரையும் பகலுக்கே மாத்திடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டே ரொம்ப நாளாச்சு."

"நைட் ஷிப்டு அவரே கேட்டு வாங்கினதும்மா. இப்பதான் நிம்மதியா இருக்காராம்," என்றேன்.

அந்தம்மா போனை வைத்துவிட்டார். அடுத்த வாரம் கணவரும் அதையே கேட்டார். "உங்க வீட்டம்மா சம்மதிக்கலையேப்பா. இப்படியே இருக்கட்டும்னுட்டாங்க," என்றேன்.

பொய்தான். ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஆனால் மனம் புண்பட்டவர்கள் கேட்க மாட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். போதாததற்கு ஷிப்டு மாறும் நேரம் பார்த்து ஏதாவது அவசர வேலையை நானே அனுப்பிவைப்பேன். விடுமுறையும் இருவருக்கும் சேர்ந்தாற்போல் வராமல் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் பிரிவதென்று முடிவு செய்தார்கள். வக்கீலோடு பேச இருவருக்கும் பொதுவாக ஒரு மணி நேரம் வேண்டுமென்று என்னிடமே வந்தார்கள். "நீங்க எனக்கு அண்ணன் மாதிரி சார். நீங்களும் கூட இருங்க," என்று அந்தம்மா அழுதார். எனக்கே கண் கலங்கிவிட்டது. இருந்தேன். பேச்சு பழைய கதைக்குப் போகும்போதெல்லாம் நேரமாகிறது என்று ஞாபகப்படுத்தினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர், "இவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்று ஆரம்பித்தார்.

"இனிமே அதெல்லாம் எதுக்குப்பா," என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

இப்போது அவர் ஓர் ஊரில், அந்தம்மா வேறோர் ஊரில். பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. பாவம், இனியாவது நன்றாக இருக்கட்டும் என்று மனசு கேட்காமல் அவரையும் பகலுக்கே மாற்றினேன். இரவில் ஆள் போட மறந்தது என் தவறுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுதுங்கள்: அவர்கள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது பகல் ஷிப்டு ஒன்றைத்தான், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.