வேலி தாண்டிய மீன்கத்திகள்

...மெதுவா, மெதுவா! அடியில கை குடுத்துப் பிடிங்க, மிசஸ் டேட்டர்சால். அது சும்மா பெட்டியில்ல, மீன்கத்தி... சாப்பாட்டு மேஜையில மீன் சாப்பிட மட்டும் வைக்கிறது. பன்னெண்டு கத்தி, பன்னெண்டு முள்கரண்டி, நீல வெல்வெட் மேல படுத்திருக்கு. வேலி மேல சாமான் நீட்டறதெல்லாம் எங்க தெருவுல வழக்கமே இல்லீங்க. நீங்க குடி வந்து மூணு வாரந்தான் ஆகுது, இந்தம்மா என்ன இப்படின்னு நினைப்பீங்க. ஒரே ஒரு ராத்திரி உங்க வீட்டுல இருக்கட்டும். சம்பந்தி வீட்டுக்காரங்க ஏழு மணிக்கு வர்றாங்க. இப்போ மணி ஆறே முக்கால்.

எல்லாம் அந்தப் பாழாப்போன டிவிக்காரனால வந்த வினை!

வியாழக்கிழமை எட்டு மணிக்கு ஒரு சிரிப்பு நாடகம் போடறானே... பேங்க் மேனேஜர் வீட்டுக்குப் பக்கத்துல குழாய் ரிப்பேர்க்காரன் ஒருத்தன் வீடு வாங்கிக் குடி வருவானே, அதான். பார்ப்பீங்களா? தலையை ஆட்டறீங்களா, ஆட்டலையான்னே தெரியல. போகட்டும். போன வருஷம் பதிமூணு வாரம் ஓடிச்சு. பதிமூணு வாரமும் விழுந்து விழுந்து சிரிச்சேன். குழாய்க்காரன் சாஸைக் கிண்ணத்துல ஊத்தாம பாட்டிலை அப்படியே மேஜை மேல வைப்பான். அவன் பொண்டாட்டி விருந்தாளி எதிர்லயே ரொட்டியைக் குழம்புல தோய்ப்பா. அப்போ எங்க வீட்டுக்காரர் வில்ஃப் சொல்றார், "ஏன் டோரீன், உங்கப்பா வீட்டுலயும் சாஸ் பாட்டில் மேஜை மேலதானே இருந்துச்சு?"

பேச்சைப் பாருங்க! எங்கப்பா பஸ் கண்டக்டர்தான், இல்லேங்கல. மீனைக் காகிதத்துல சுத்தி வாங்கிட்டு வந்து கையால பிச்சுத் தின்னவர்தான். அதுக்காக நானும் அப்படியே இருக்கணுமா? பத்தொம்பது வயசுல பீங்கான் கடையில வேலைக்கு நின்னேன். நாலு வருஷம். எந்தம்மா எந்தக் கோப்பையை எப்படித் தூக்கறாங்கன்னு பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன். யாரும் சொல்லித் தரல.

இந்தாங்க, இது ரெண்டாவது. கவுத்துப் பிடிக்காதீங்க, பாவாடை கசங்கிடும். கழிப்பறைக் காகித உருளை மேல உட்கார்ந்து அதைப் பாவாடையால மூடற பொம்மை. உருளை வெளிய தெரிஞ்சா நல்லாவா இருக்கு? பாவாடை நானே குரோஷா ஊசியால பின்னினது. நாப்பத்தாறு வரிசை.

எங்க விட்டேன்? ஆங்... இந்த வருஷம் நாடகத்துல புதுசா ஒருத்தியை விட்டிருக்கான். மேனேஜர் வீட்டுக்கு எதிர்வீடு. பேரு மிசஸ் பிராட்வெல்லாம். டப்பா மத்தி மீனுக்கு மீன்கத்தி வைக்கிறா! அவ வீட்டு உருளை மேலயும் ரோஜா நிறத்துல ஒரு பொம்மை! வாசல் மணி எட்டு ஸ்வரத்துல பாடுது! போன் வந்தா நம்பரை ராகம் போட்டுச் சொல்றா. அவ வாயைத் திறக்கு முன்னாடியே அரங்கத்துல இருக்கறவன் அத்தனை பேரும் சிரிக்கிறான்... என் மீன்கத்தியைப் பார்த்து, என் பொம்மையைப் பார்த்து! வில்ஃப் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கல.

அதோ, ஏணி மேல நின்னு எங்க வாசல் மணியைக் கழட்டிக்கிட்டிருக்கார். கழட்டும்போதும் பாடுது, கேக்குதா? சனியன்.

என் பொண்ணு ரோசலிண்டை டாக்டர் ஹாலம் பையன் ஜூலியனுக்குப் பேசி முடிச்சிருக்கு. நல்ல இடம். போன ஞாயித்துக்கிழமை மிசஸ் ஹாலம் போன் பண்றாங்க. "வியாழக்கிழமை நாடகத்தை நாங்க தவறவிடறதே இல்ல, உங்க வீட்டுலயே உட்கார்ந்து பார்க்கறோமே"ங்கறாங்க. பிராட்வெல்லைப் பார்த்துச் சிரிச்சிட்டு, நடுவுல எழுந்து நம்ம கழிப்பறைக்குப் போனாங்கன்னா? அங்க இந்தப் பொம்மை உட்கார்ந்திருந்தா? கல்யாணம் நடக்குமா, சொல்லுங்க?

ஆனா அவங்க வீட்டையும் நான் பார்த்திருக்கேன். ஈஸ்டருக்குக் கூப்பிட்டாங்க. சோபாவுல பஞ்சு வெளிய தெரியுது. நாய் ரோமம் வேற. எனக்குக் குடுத்த கோப்பையில விளிம்பு உடைஞ்சிருக்கு. மீனுக்கு ரெண்டு முள்கரண்டி வச்சாங்க, கத்தியே இல்ல! டாக்டர் வீட்டுல இவ்வளவு கஷ்டமான்னு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. வெளிய வந்ததும் ரோசலிண்ட் சொல்றா, "அம்மா, பரம்பரையாப் பெரிய இடத்துக்காரங்க மீன்கத்தியைத் தொட மாட்டாங்கம்மா. புதுசாப் பணம் வந்து வாங்கிச் சேர்த்தவங்கதான் வச்சிருப்பாங்க." வாங்காம பின்ன, மரத்துலயா காய்க்கும்?

சரி, எங்க வீட்டு விஷயத்தையெல்லாம் டிவிக்காரனுக்கு யார் போய்ச் சொன்னது? அதைக் கண்டுபிடிக்காம விடமாட்டேன். பால்காரனா? அவன் வாசல் தாண்டினதில்ல. பதினாலாம் நம்பர் மிசஸ் எண்ட்விசிலா? அவங்க கழிப்பறை வரைக்கும் போயிருக்காங்க, ரெண்டு தடவை. உங்க மேலகூட... கோவிச்சுக்காதீங்க... நீங்க குடி வந்த வாரமும் அந்தப் பிராட்வெல் வந்த வாரமும் ஒண்ணு. யாரா இருந்தாலும் சந்தேகம் வருமா, வராதா?

நானும் டிவிக்காரனுக்கு எழுதினவதான். அது வேற விஷயம்! நான் எழுதினது தப்பைத் திருத்த. பேங்க் மேனேஜர் பொண்டாட்டி சாதாக் கத்தியால மீனை வெட்டறா, பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா? "ஐயா, எங்கள் வீட்டில் இப்படிச் செய்வதில்லை"ன்னு மரியாதையா எழுதினேன். போன வருஷம் மட்டும் இருபத்திமூணு கடுதாசி. எல்லாத்துக்கும் கார்பன் நகல் இருக்கு, தேதி போட்டு. மூணாவது, மீன்கத்தி. ஒம்பதாவது, பொம்மை... படம்கூட வரைஞ்சு வச்சேன், அவங்களுக்குப் புரியணுமே. பதினாலாவது, வாசல் மணி, எட்டு ஸ்வரமும் எழுதி... பதினேழாவது, போன்ல நம்பரை எப்படிச்...

இருங்க.

...இருங்க, மிசஸ் டேட்டர்சால்.

வில்ஃப்! அதைக் கழட்ட வேணாம். இறங்கி வாங்க.

ஐயோ... அவனுக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுத்தது நானேவா?

என்னடி ரோசலிண்ட், இப்போ எதுக்கு ஓடி வர்ற? ...என்னது? தெரியுமா? யாருக்கு? ...மிசஸ் ஹாலமுக்கா? எப்போலேர்ந்து?

கேட்டீங்களா இதை? கடுதாசியெல்லாம் கொண்டுபோய்த் தபால்ல போட்டவ இவதான். நாடகத்தைப் பார்த்த அன்னைக்கே இவளுக்குப் புரிஞ்சிடுச்சாம். ஜூலியன்கிட்ட சொல்லியிருக்கா. அவன் அவங்கம்மாகிட்ட சொல்லியிருக்கான். மிசஸ் ஹாலம் இன்னைக்கு வர்றதே டிவி பார்க்க இல்லையாம், அசல் பொம்மையைப் பார்க்கவாம்!

சிரிக்கத்தான் வர்றாங்களாடி? உண்மையைச் சொல்லு.

...சிரிப்பாங்களாம். மறைக்காம சொல்றா பாருங்க, என் வயித்துல பொறந்தது. ஆனா அந்தம்மா இன்னொண்ணும் சொன்னாங்களாம். "எங்க வீட்டுல யாரும் எதுக்கும் மெனக்கெடறதே இல்ல. மெனக்கெடற வீட்டுலேர்ந்து ஒருத்தி வரட்டுமே"ன்னு.

ம்...

சிரிச்சிட்டுப் போகட்டும். குழாய்க்காரனைப் பார்த்து நானுந்தான் பதிமூணு வாரம் சிரிச்சேன்.

அப்போ... குடுங்க. பெட்டியை முதல்ல குடுங்க, பொம்மையை அப்புறம். அட, ஏன் தோள் இப்படிக் குலுங்குது? குளிருதா? ...ஓ. அப்போ நீங்களும் பார்க்கறீங்க அந்த நாடகத்தை! முதல்லயே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, நான் பாட்டுக்குக் கதை சொல்லிக்கிட்டு நின்னிருக்கேன்! சரி, சிரிங்க, ஆனா பெட்டியை ஆட்டாம சிரிங்க. அதோ, அவங்க கார் திரும்புது. வில்ஃப், கோட்டைப் போடுங்க!

இன்னொண்ணு, மிசஸ் டேட்டர்சால். நீங்க பார்க்கறவங்கதானே, கவனிச்சீங்களா? போன வாரம் அந்தப் பிராட்வெல் மீன்கத்தியை இடது கையில பிடிச்சா. சுத்தத் தப்பு. என் பேரைத்தான் அது கெடுக்குது. நேத்தே எழுதிப் போட்டுட்டேன். இருபத்திநாலாவது.