மொட்டைமாடிக் கதவின் திருகு

பழைய மேண்டலின் வாங்குவது பழைய சைக்கிள் வாங்குவது போல இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். சைக்கிளை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மேண்டலினுக்கு வாசிக்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியாது. ஆசை மட்டும் மலையளவு இருந்தது.

ஆறு மாதம் ஞாயிறு தவறாமல் அலைந்தேன். ஒன்றின் கழுத்து வெள்ளரிக்காய் போல வளைந்திருந்தது. இன்னொன்றில் எட்டுத் தந்திகளில் மூன்றுதான் மிச்சம், வயிற்றுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. நல்லதாகக் கண்ணில் பட்டால் யானை விலை சொன்னார்கள். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேலை?" என்று என் மனைவி சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எங்கள் வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது.

ஊரெல்லாம் தேடிய பொருள் என் தலைக்கு மேலேயே இருந்தது. அந்த ஐந்து மாடிக் கட்டிடத்தில் கதவு, பூட்டு, குழாய் எல்லாம் பழுது பார்ப்பவன் நான். மூன்றாம் மாடித் தையல்கடை மாஸ்டர் தினமும் சாப்பிட்ட கையோடு மொட்டைமாடிக்குப் போய் அரை மணி நேரம் மேண்டலின் வாசிப்பார். தங்கமான மனிதர். விலைக்குக் கேட்டேன்.

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? என் விரல் ஓடுற வரைக்கும் இது என்கிட்டதான் இருக்கும். ஓடாதப்போ நீங்களே எடுத்துக்குங்க. குடுக்கிறதக் குடுங்க."

நிபந்தனை போட்டவர் அவர்தான் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடிக்கு இரும்புக் கதவு. அது தானாக மெதுவாகச் சாத்திக்கொள்ள, மேலே ஒரு எண்ணெய்ப் பெட்டி உண்டு. வேகத்தைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு திருகு. மாஸ்டருக்கு முழங்கால் வலி. வலது கையில் மேண்டலினைத் தூக்கிப் பிடித்து, தந்தியில் விரல் ஓட்டும் இடது கையால் கதவு நிலையைப் பற்றிக்கொண்டுதான் படி தாண்டுவார். கதவு அவருக்கு ஐந்து வினாடி கொடுத்துவந்தது. நான் அதை ஒன்றாக்கினேன். வலது கையாக இருந்தால் எனக்கு மனம் வந்திருக்காது. சாப்பிட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும்.

சத்தம் கேட்டதும் முதலில் ஓடியவன் நான். மேண்டலினைப் பத்திரமாக வாங்கிக்கொண்டேன், விழுந்தால் வயிறு பிளந்துவிடும். பிறகு கதவைத் திறந்தேன். ஆட்டோ பிடித்ததும், அவர் மனைவிக்கு ஆறுதல் சொன்னதும் நான்தான். மூன்று விரல்கள் போயின. சொன்ன சொல் தவறாதவர், மேண்டலினை அவரே கொண்டுவந்து கொடுத்தார். என் கைக்கு அடங்கிய விலை. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அவரே இப்போது எனக்குச் சொல்லித்தருகிறார். விரலை எங்கே வைப்பதென்று வாயால் சொல்கிறார். கையால் காட்டினால் சீக்கிரம் பிடிபடும், அது ஒன்றுதான் குறை. "என் விரல் போனா என்னண்ணே, உங்க விரல்ல பாட்டு வருதே" என்று நேற்று கண்கலங்கினார். அவருக்காக இன்னொரு முறை வாசித்தேன். மெஷினில் துணியைத் தள்ள இடது கை வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. கடையை அவர் மனைவி பார்த்துக்கொள்கிறார்.

திருகில் புதுக் கீறல் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். என் ஸ்க்ரூடிரைவர்தான், நான்தான் திருப்பினேன். ஆனால் யாரும் பயப்பட வேண்டாம். மறுநாளே பழையபடி ஐந்து வினாடிக்கு வைத்துவிட்டேன். மதியம் அந்த வழியாக மேண்டலினோடு போகிறவன் இப்போது நான். விரல்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் இல்லையா, மேடம்.