கண்மாய்க்குள் இறங்கிய விமானம்

ராமநாதபுரத்திலிருந்து சாயல்குடி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சாதாரணமாகச் சொன்னார்: "எம் மக ஏரோப்பிளேனக் கண்மாய்க்குள்ள இறக்கிட்டா, மதினி."

"என்ன சொல்ற? பைலட்டுக்குத்தான படிக்கிறா?"

"ஆமா. போன வாரம் தனியா ஓட்டிக்கிட்டுப் போயிருக்கா. நடுவானத்துல பெட்ரோல் வர்ற குழாய் அடைச்சு இஞ்சின் நின்னுபோச்சாம்."

"ஆத்தாடி. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒரு கீறல் இல்ல. நான் அவளுக்கு என்னாச்சுன்னு கேக்குறேன். அவ என்னடான்னா, 'பிளேனுக்கும் ஒண்ணும் ஆகலம்மா'ங்கிறா."

"எப்படி இறக்குனா?"

"கீழ ரோட்டுல பஸ்ஸும் ஆளுமா இருந்திருக்கு. அதை விட்டுட்டு, பக்கத்துல தண்ணியில்லாத கண்மாயைப் பார்த்திருக்கா. மண்ணு கருப்பாத் தெரிஞ்சா சக்கரம் புதையும், வெளுத்திருந்தா இறுகிக் கிடக்கும்னு அவளுக்குத் தெரியுமே. வெளுத்த பக்கமா இறக்கி நிறுத்திட்டா. சொல்லிக்குடுக்கிற சாரு வந்து பார்த்துட்டு, 'இதை நான் உனக்குச் சொல்லித்தரலையே'ன்னாராம். 'எங்க ஊரே கண்மாய்தான் சார்'னிருக்கா."

சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இனிமே ஏறுவாளா?"

"நேத்தே ஏறிட்டா. 'ஒரு மணி நேரம் போன் எடுக்க மாட்டேன், பயந்துறாதம்மா'ன்னா. அந்த ஒரு மணி நேரமும் நான் மிளகாய்க் காட்டுல வானத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அவ பறக்கிறது இங்கனயிருந்து தெரியாதுன்னு எனக்கும் தெரியும், மதினி."