சிவப்புத் துணி கட்டிய மரங்கள்

தோண்டிய குழியை மூடாமல் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. காட்டில் மான் ஓடும், காளான் பறிக்க வருகிறவர்கள் நடப்பார்கள், யாராவது காலை உடைத்துக்கொள்வார்கள். நான் பாசியை ஒரே துண்டாக வெட்டி ஓரமாக வைப்பேன். மண்ணை ஒரு விரிப்பில் கொட்டுவேன். வேலை முடிந்ததும் மண்ணை உள்ளே போட்டு, பாசியை மேலே வைத்து மிதித்துவிடுவேன். ஒரு மழை பெய்துவிட்டால் அங்கே கை பட்ட அடையாளம் எனக்கே தெரியாது. பல் டாக்டர் இல்லையா, ஓட்டை போட்டால் அடைத்துத்தான் பழக்கம்.

நீங்கள் வில்னிஸைப் பற்றிக் கேட்டீர்கள், அதிகாரி அம்மா. அவனிடம்தான் வருகிறேன். அவன் இறந்தது விபத்து என்று உங்கள் அலுவலகம் எழுதி முடித்துவிட்டது, தெரியும். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன்.

நானும் அவனும் சால்துஸ் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் மரம் வெட்டும் பெரிய இயந்திரத்தை ஓட்டப் போனான், நான் பல் பிடுங்கப் போனேன். சனிக்கிழமை ஆனால் இரண்டு பேரும் உலோகம் தேடும் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவோம். போரின் கடைசி ஆண்டில் ஒரு பட்டாளமே மாட்டிக்கொண்ட காடு எங்களுடையது. எங்கே கருவியை நீட்டினாலும் இரும்பு உறுமும். அதற்குள் பொத்தான், பெல்ட் கொக்கி, ஜார் காலத்துக் கோபெக் காசு, அதிர்ஷ்டம் இருந்தால் பழைய ஸ்வீடன் வெள்ளிக்காசு என்று தேடி எடுக்க வேண்டும்.

எங்களைப் போல் தோண்டுகிறவர்களுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. அன்றைக்குக் கிடைத்ததையெல்லாம் கார் பானெட்டின் மேல் பரப்பி ஆளுக்கொன்றாக மாறி மாறி எடுத்துக்கொள்ள வேண்டும். குறைவாகக் கிடைத்தவன்தான் முதலில் எடுப்பான். இரண்டாவது வழக்கம், வெடிக்காத குண்டு தட்டுப்பட்டால் தொடாமல் பக்கத்து மரத்தில் சிவப்புத் துணி கட்டிவிட்டு, வெடிகுண்டு எடுக்கும் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். துணியைப் பார்த்தவன் ஏன் எதற்கு என்று கேட்காமல் திரும்பிவிடுவான். காளான் பறிக்கிற பெண்கள்கூடத் துணியைக் கண்டால் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போவார்கள். அந்தத் துணியைப் பொய்யாகக் கட்டியவன் எங்கள் பக்கத்தில் ஒருவனும் இருந்ததில்லை. முதலில் அப்படிக் கட்டியவன் நான்.

பழைய வணிகப் பாதையில் ஒரு சத்திரம் இருந்து இடிந்த இடம். வில்னிஸ் ரொட்டி எடுக்கக் காருக்குப் போயிருந்த நேரத்தில் எனக்கு ஒரு வெள்ளிக்காசு கிடைத்தது. இன்னும் இருக்கிறது என்று கருவி சொன்னது. அன்றைக்கு அவனுக்கு ஒன்றுமே அகப்படவில்லை. பானெட்டில் வைத்தால் அவன்தான் முதலில் எடுப்பான். காசைப் பையில் போட்டேன், மரத்தில் துணியைக் கட்டினேன்.

"மோர்ட்டார் குண்டுடா. வா, போயிடலாம். ஆளுங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

"ஐயோ, தொட்டியா? நல்லவேளைடா" என்று அவன் என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

புதன்கிழமை மருத்துவமனையைச் சீக்கிரம் பூட்டிவிட்டுத் தனியாகப் போய் மீதியை எடுத்தேன். ருசி கண்டுவிட்டேன். அதற்குப் பிறகு நல்ல இடம் எது கிடைத்தாலும் ஒரு துணி. பாதி இடங்களை அப்புறம் தோண்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன். பல் சுத்தம் செய்கிற கருவிகளால் காசுகளைத் துலக்கி, ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டி ஒன்றில் என் பெயரை எழுதி வைத்தார்கள். திறப்பு விழாவில் எல்லோரையும்விட அதிகமாகக் கை தட்டியவன் வில்னிஸ்தான். அன்றைக்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் பழகிவிட்டது.

மாட்டிக்கொண்டது என் சுத்தத்தால்தான். போன கோடையில் அவனுடைய கம்பெனி மரம் வெட்டப் போன இடத்தில் என் துணிகளில் ஒன்று இருந்தது. வெடிகுண்டு ஆட்களை வரவழைத்துத் தேடியிருக்கிறார்கள். ஒன்றும் இல்லை. பாசிக்கு அடியில், அழகாக மூடிய குழி மட்டும்.

"ஊர்ல இவ்ளோ பதவிசா குழியை மூடுறவன் ஒருத்தன்தாண்டா" என்றான் வில்னிஸ், என் மருத்துவமனை நாற்காலியில் சாய்ந்துகொண்டு. வாயைத் திறக்கச் சொன்னால் சிரிக்கிறான். "எத்தனை வருஷமாடா இந்தத் திருட்டு? அடப்பாவி, நான் உனக்காகச் சாமியையெல்லாம் கும்பிட்டேனேடா."

"யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றேன்.

"சொன்னா உன்னை உதைச்சே கொன்னுடுவானுங்க. சொல்ல மாட்டேன். ஆனா சும்மா விடுவேன்னு நினைக்காதே. உன் துணி ஒவ்வொண்ணையும் நான் போய்த் தோண்டப் போறேன். கிடைக்கிறது எனக்கு. எல்லாம் முடிஞ்சதும் கணக்கு சரி. பழைய மாதிரி இருப்போம்."

அவ்வளவுதான் அவன் கொடுத்த தண்டனை. ரொம்பச் சின்னத் தண்டனை என்று எனக்கும் தெரியும். நான் ஒத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் எனக்கு முன்னால் காட்டுக்குப் போய்விடுவான். நான் வரும்போது பானெட்டின் மேல் ஒரு காசு இருக்கும்.

"உன் குண்டு ஒண்ணு வெடிச்சிடுச்சுடா" என்பான். "பாவம், தலை, பூ ரெண்டு பக்கமும் சேதம்." சிரிக்கும்போது முன்பல் ஒன்று பளிச்சென்று தெரியும். அது நான் வைத்த பல். காசு வாங்காமல் வைத்துக் கொடுத்தது.

நானும் கூடச் சிரித்தேன். வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது. அவன் எடுத்தது என் காசுகள் என்பதற்காக இல்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வாரா வாரம் ஒருத்தன் என்னைப் பார்த்து, நான் யார் என்று தெரிந்துகொண்டு, சிரித்துக்கொண்டே மன்னிக்கிறான். அதைத் தாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரியுமோ என்னவோ. திட்டியிருந்தால், நாலு அறை விட்டிருந்தால், நான் இங்கே வந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பிர்ச் மரம். அதனடியில் ஒரு மோர்ட்டார் குண்டு இருப்பது எனக்குத் தெரியும். நிஜக் குண்டு. அதன் மூக்கில் அலுமினியம் இருப்பதால் கருவி அதை இரும்பு என்று உறுமாது, வெள்ளி மாதிரியே கூவும். பல ஆண்டு தோண்டியவனும் ஏமாந்துவிடுவான். நானே ஏமாந்து பாதி தோண்டிய பிறகுதான் பார்த்தேன். அதற்கு மட்டும் நான் துணி கட்டவில்லை. நிஜக் குண்டுக்குக் கட்டினால் ஆட்களுக்கும் சொல்லியாக வேண்டும், அவர்கள் வருவார்கள், சத்திரத்தைச் சுற்றிலும் மூடிவிடுவார்கள், நான் தோண்ட முடியாது. மண்ணைப் போட்டு மூடி, பாசியை வைத்துவிட்டு வந்தேன். அங்கே காளான் நிறைய முளைக்கும். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த மரத்தில் துணி இருந்ததே என்று கேட்கப் போகிறீர்கள். இருந்தது. வில்னிஸ் என் துணிகளைத் தோண்டத் தொடங்கிய பிறகு, அக்டோபரில், நான் போய்க் கட்டினேன். குண்டு இருக்கும் இடத்தில் துணி கட்டுவதுதானே வழக்கம். அதைத்தான் செய்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கட்டிய துணி அது ஒன்றுதான். அவனை அங்கே தோண்டு என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை காரில் உட்கார்ந்து இரண்டு பேரும் சீரகம் போட்ட பாலாடைக்கட்டியும் கறுப்பு ரொட்டியும் சாப்பிட்டோம்.

"சத்திரத்துப் பக்கம் பிர்ச் மரத்துல புதுசா ஒண்ணு கட்டியிருக்கே போல" என்றான். "துணி வெளுக்கக்கூட இல்லை. என்னடா, திருந்தவே மாட்டியா?"

ஒரு வார்த்தை போதும். 'அது நிஜம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் வாயில் ரொட்டி இருந்தது.

"உன் இஷ்டம்" என்றேன்.

"பாரு, மூஞ்சி போற போக்கை! அப்ப பெரிய புதையல்தான்" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.

இதையெல்லாம் சொல்லாமலே இருந்திருப்பேன். போன வாரம் ரஸ்மா வந்தாள், வில்னிஸின் மனைவி. பல்வலி என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். பார்த்தேன், பல்லில் ஒன்றும் இல்லை. கொழுப்புக்கறி வைத்துச் சுட்ட ரொட்டிகளைத் துணியில் சுற்றி எனக்காகக் கொண்டுவந்திருந்தாள்.

"நீங்கதானே முதல்ல ஓடினீங்க, எகோன்ஸ் அண்ணே. அவரு ஏதாவது சொன்னாரா?"

"இல்லம்மா. உடனே போயிட்டான்."

"அப்ப வலிச்சிருக்காது, இல்ல?" என்றாள். "அது போதும் எனக்கு. நீங்க கூட இருந்தீங்களே, அதுவே பெரிய ஆறுதல்." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கையுறையோடு இருந்த கை. அவள் போன பிறகு அந்த ரொட்டியை நான் தொடவில்லை. நான் செய்தது பாவம். அதை யாராவது எழுதிக்கொள்ள வேண்டும்.

அவன் உடனே போகவில்லை, அம்மா. சத்தம் கேட்டதும் நான் ஓடினேன், அதில் பொய் இல்லை. மரங்களுக்கு நடுவே அவனைப் பார்த்தேன். தொடையிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. என் பையில் கட்டுப்போடத் தேவையானதெல்லாம் இருந்தது. ரத்தத்தை நிறுத்த எனக்குத் தெரியும். அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"வராதேடா" என்று கத்தினான். "கிட்ட வராதே. ஒண்ணு இருந்தா பக்கத்துலயே இன்னொண்ணு இருக்கும். நீயாவது பத்திரமா இரு."

நான் நின்றுவிட்டேன். காட்டில் நாங்கள் ஒருவர் சொல்லை ஒருவர் தட்டுவதில்லை. அவன் இன்னும் இரண்டு மூன்று தடவை என் பெயரைச் சொன்னான். கூப்பிட்டான் என்று சொல்ல முடியாது, நான் நின்ற இடத்திலேயே இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டான். குரல் நின்ற பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வராதே என்று அவன்தான் சொன்னான், அதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கே இன்னொரு குண்டு கிடையாது. துணியைக் கட்டுவதற்கு முன்னால் சுற்றிலும் கருவியை வைத்து நானே தேடிப் பார்த்துவிட்டேன்.