மேகத்துக்குக் கீழ யாரு?

…சரி, புள்ளிவிவரம் போதும். கடைசி வரிசையில அண்ணன் ஒருத்தர் கொட்டாவி விடுறது மைக் வரைக்கும் கேக்குது. ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. கற்பனைதான். கேட்டு முடிச்சதும் யாராச்சும் ஞாபகத்துக்கு வந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல.

ஒரு நாட்டுல ஒரு குழு. என்ன குழு? வானத்துல இருந்து பூமியைப் பார்க்க, அடுத்த இருபத்தஞ்சு வருஷத்துக்கு என்னென்ன செயற்கைக்கோள் வேணும்னு திட்டம் போடுற குழு. ஒண்ணைத் தூக்கி மேல விட்டுட்டுக் கையைக் கழுவுற வேலை இல்லீங்க. ஒரு சாட்டிலைட்டுக்கு வயசாகிக் கண்ணு மங்கறதுக்குள்ள அடுத்தது மேல போய் நிக்கணும். ஒரு நாள்கூடப் பூமி கண்ணை விட்டு மறையக் கூடாது. அருமையான வேலை!

ஏன்னா அந்த நாட்டுல ஒரு விதி இருக்கு. சாட்டிலைட் படத்துல தண்ணி தெரிஞ்சாத்தான் மீட்புப் படகு கிளம்பும். தெரியலையா? படகு கரையிலேயே நிக்கும்.

குழுத் தலைவர் பேரு மார்க்கபந்து. நல்ல மனுஷன். வெள்ளத்தை டிவியில மட்டும் பார்த்தவர்.

குழுவுலயே வயசுல சின்னவ பூங்கோதை. இன்ஜினியர். சொந்த ஊர் பள்ளக்கொல்லை. ஏரியைப் பட்டா போட்டு ஏழைங்களுக்குக் கொடுத்தாங்க பாருங்க, அந்த மாதிரி ஊர். கார்த்திகை பிறந்தா அவ அம்மா அஞ்சலாட்சி முதல்ல மிக்ஸியைத் தூக்கிப் பரண்ல வெப்பாங்க. அப்புறம்தான் விளக்கு ஏத்துவாங்க.

கூட்டம் ஆரம்பிக்குது. ரெண்டு வகைக் கேமரா. முதல் படத்தைத் திரையில போட்டாங்க. கலர் படம்! மொட்டை மாடியில காயப்போட்ட வடகம் தெரியுது. எல்லாரும், "அடடா!"

ரெண்டாவது படம் ரேடார். கறுப்பு வெள்ளை. புள்ளி புள்ளியா இருக்கு.

மார்க்கபந்து கேக்குறார்: "என்னம்மா இது, ஆன்டெனா கழண்டுபோன டிவி மாதிரி?"

"ரேடார் சார். மேகம் மூடியிருந்தாலும் பார்க்கும். ராத்திரியிலயும் பார்க்கும்."

"ராத்திரி என்னத்தம்மா பார்க்கிறது? எல்லாரும் தூங்கிட்டிருப்பாங்க."

"பன்னெண்டு சாட்டிலைட் விடப்போறோம் சார். ரெண்டை மட்டுமாவது ரேடாரா…"

"ஏம்மா, கல்யாண மண்டபத்துல பன்னெண்டு நாற்காலி போட்டா அதுல ரெண்டு முக்காலி போடுவியா? பார்க்க ஒண்ணுபோல இருக்க வேண்டாம்?"

பூங்கோதை விடல. "சார், இந்தக் கலர் படம் எப்ப எடுத்தது?"

"மே மாசம்."

"போன கூட்டத்துல காட்டினது?"

"அதுவும் மே மாசம்தான். கேமராவை ஒப்பிட நாங்க எப்பவும் மே மாசப் படத்தைத்தான் எடுப்போம்."

"ஏன் சார்?"

"அப்பத்தானேம்மா வானத்துல மேகம் இருக்காது!"

…கவனிச்சீங்களா? பதிலை அவரே சொல்லிட்டார்! சொல்லிட்டு ஒரு முந்திரி பக்கோடாவை எடுத்து வாயில போட்டுக்கிட்டார். பன்னெண்டும் கலர். தீர்மானம் முடிஞ்சுது.

வருஷம் ஓடுது. ஒவ்வொரு சாட்டிலைட்டா மேல போகுது. ஒவ்வொண்ணுக்கும் தேங்காய் உடைக்கிறாங்க. அப்புறம் ஒரு கார்த்திகை… கொட்டுச்சு பாருங்க மழை!

பூங்கோதை அம்மாவுக்குப் போன் போடுறா. "அம்மா, தண்ணி எங்க நிக்குது?"

"ஜன்னல்ல நிக்குதுடி. உள்ள வரட்டுமான்னு கேக்குது."

"நீ எங்க இருக்க?"

"பரண்ல. மிக்ஸி பக்கத்துல."

ஓடுறா தலைவர்கிட்ட. "சார், பள்ளக்கொல்லைக்குப் படகு அனுப்புங்க!"

"பதறாதம்மா. படம் வரட்டும்."

வந்துச்சு. முழுக்க வெள்ளை. பஞ்சு மெத்தை விரிச்ச மாதிரி.

"என்னம்மா இது?"

"மேகம் சார்."

"மேகத்துக்குக் கீழ?"

"எங்க அம்மா சார்."

…அவர் படத்தை உத்துப் பார்த்தார். "தண்ணி தெரியலையேம்மா. அடுத்த சாட்டிலைட் வரட்டும்." அடுத்தது வந்துச்சு. பஞ்சு மெத்தை. அதுக்கடுத்தது? பஞ்சு மெத்தை. பன்னெண்டும் வரிசையா வந்து பன்னெண்டு பஞ்சு மெத்தை! மார்க்கபந்து ஆசைப்பட்டபடியே… பார்க்க ஒண்ணுபோல.

அப்ப அஞ்சலாட்சியை யாரு காப்பாத்தினது? பூங்கோதை பக்கத்துக் குப்பத்துக்குப் போன் போட்டா. மீனவங்க லாரியில ஃபைபர் படகை ஏத்திக்கிட்டு வந்தாங்க. அவங்க ஒரு படமும் கேக்கல. அம்மாவைப் பரண்ல இருந்து இறக்கினாங்க. மிக்ஸியையும் இறக்கினாங்க.

நாலு நாள் கழிச்சு வெயில் அடிச்சுது. அப்ப வந்துச்சு பாருங்க படம், பளிச்சுனு! ஊரெல்லாம் தண்ணி மின்னுது. நடுவுல எறும்பு மாதிரி மீனவங்க படகு. மார்க்கபந்து துள்ளிக் குதிக்கிறார். "என்ன தெளிவு! என்ன தெளிவு! இதைக் காலண்டர்ல போடுங்கய்யா!"

போட்டாங்க. அந்தக் காலண்டர் சுத்திச் சுத்தி அஞ்சலாட்சி வீட்டுக்கே வந்துச்சு. அவங்க அதை எங்க மாட்டினாங்க தெரியுமா? சுவத்துல தண்ணி நின்ன கறை இருந்துச்சுல்ல… சரியா அது மேல.

பூங்கோதைக்குக் கோவம். "இதைப் போய் ஏம்மா மாட்டுற?"

"இருக்கட்டும்டி. வர்ற ஆபீசருங்க கறையைப் பார்க்க மாட்டாங்க, காலண்டரைத்தான் பார்ப்பாங்க. கிட்ட வரட்டும். தூக்கிக் காட்டுறேன்."

…சிரிச்சீங்க. நல்லா சிரிங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்த மேசையைச் சுத்தி உக்காந்தவங்கள்ல பூங்கோதையைத் தவிர ஒருத்தர் வீட்டு ஜன்னலுக்காவது கார்த்திகையில தண்ணி வந்திருக்கா? வந்திருந்தா மே மாசப் படத்தைப் பார்த்து "அடடா"ன்னு சொல்லியிருப்பாங்களா? கண்ணு எவ்வளவு கூர்மைன்னு பார்த்தாங்களே தவிர, நாம மூழ்குற அன்னைக்கு அந்தக் கண்ணு தெரியுமான்னு ஒருத்தரும் பார்க்கல. அவங்க முட்டாள் இல்லீங்க. மேட்டுல குடியிருக்கிறவங்க. மேட்டுல இருந்து பார்த்தா வருஷம் பூரா மே மாசம்தான்.

வர்ற திங்கக்கிழமை நம்ம காலனிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். அடுத்த இருபத்தஞ்சு வருஷத்து வெள்ளத் தடுப்புத் திட்டமாம். ஏசி மண்டபம், பெரிய திரை, பக்கோடாவும் உண்டு. நம்ம ஏரியாவை மேல இருந்து எடுத்த படம் ஒண்ணு போடுவாங்க. பச்சைப் பசேல்னு இருக்கும். வாய்க்கால் நீலமா ஓடும். கைதட்டாதீங்க. கத்தவும் வேண்டாம். ஒருத்தர், ஒரே ஒருத்தர் எழுந்து நின்னு கேளுங்க…

"ஐயா, இது எந்த மாசத்துப் படம்?"

பதில் வர்ற வரைக்கும் உக்காராதீங்க.